புளியங்கொட்டை பத்து

வடக்கனந்தல்,
மாசி மாதம் எட்டாம் தேதி தொடங்கியது.

என் மகள் அம்சவள்ளிக்கு அப்பா ஆதிமூலம் எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்துக்கு என்னைப் பொறுத்துக்கொள் தாயே. புது மாட்டைப் பூட்டி ஓட்டிய முதல் சால் போல ஒரு வரி மேட்டில் ஏறும், ஒரு வரி பள்ளத்தில் இறங்கும், ஒரு எழுத்து பூசணிக்காயாக இருக்கும், பக்கத்து எழுத்து எள்ளாக இருக்கும். மாப்பிள்ளை பார்த்தால், மாமனார் குடித்துவிட்டு எழுதவில்லை, படித்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று சொல். இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி இருசப்பனும் இருக்கிறோம், சோற்றுக்குக் குறைவில்லை, செவலை மாடு தை கடைசியில் கிடாரிக் கன்று போட்டது, மரவள்ளி பிடுங்கியாகிவிட்டது. அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ரம்யாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் இது நானே எழுதுகிற கடிதம் என்பதால் அந்த வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன், காரணம் பின்னால் வரும்.

இத்தனை வருஷமாக உனக்கு வந்ததெல்லாம் மளிகைக் கடை சாதுல்லா பாய் எழுதியது. நான் பத்து வார்த்தை சொன்னால் அவர் மூன்று வார்த்தை எழுதிவிட்டு, "அதுக்குள்ளயே எல்லாம் வந்துட்சி பெரியவரே" என்று பேனாவை மூடிவிடுவார். போன ஆடி மாதத்தில் அவர் சம்சாரம் மெஹ்ராஜ் பேகம் பஞ்சாயத்துக் கட்டடத்தில் முதியோர் கல்வி வகுப்பு தொடங்கியது. பதினோரு பேர் சேர்ந்தோம், தீபாவளிக்கு நாலு பேர் மிச்சம், அதில் நான் ஒருவன். எனக்கு அறுபத்து மூன்று வயது, ரம்யாவுக்கு நாலு வயது, இரண்டு பேரும் ஒரே வகுப்பு. இதை நினைத்தால் எனக்குத் தனியாக இருக்கும்போதும் சிரிப்பு வருகிறது. போன மாதம் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறும்போது நிறத்தைப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, பலகையைப் படித்து ஏறினேன். ஏறின பிறகும் சும்மா இருக்க முடியவில்லை, மலை ஏறுகிற வரைக்கும் கண்ணில் பட்ட பலகை, மைல் கல், சுவரில் எழுதிய சுண்ணாம்பு எழுத்து எல்லாவற்றையும் சத்தமாகக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். கண்டக்டர், "பெருசு, நீயே எல்லா ஸ்டாப்பையும் சொல்லிக்கினு வந்தா எனக்கு இன்னா வேல, இந்தா பைய நீயே மாட்டிக்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நான் அன்றைக்கு வெள்ளிமலைக்குப் போன காரியம் சிரிக்கிற காரியம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தைப் பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்தை நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. சித்திரையில் களமருதூர் அம்மன் திருவிழாவுக்கு வருகிறோம், தம்பி கூத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பதை ரம்யா இன்னும் கேட்டதில்லை, அவளை அவன் பக்கத்திலேயே உட்கார வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது, மேலே போகவில்லை. அம்சவள்ளி, உன் தம்பியின் வலது கை புரட்டாசி மாதமே உடைந்துவிட்டது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் மடங்காது. ஐந்து மாதமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தோம். மறியலுக்குப் போனவர்கள் பெயரை எல்லாம் போலீஸ் குறித்துக்கொண்டிருந்த சமயம், கடை வாசலில் உட்கார்ந்து இன்னொருவர் கையால் எழுதுகிற கடிதத்தில் இதை எப்படிச் சொல்வது. அவனும், "அக்கா அவ்ளோ தூரத்துல குந்திக்கினு அழுது இன்னாப்பா ஆவப்போவுது" என்று வாயைக் கட்டிவிட்டான்.

நடந்ததைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. படிப்பிலும் உத்தியோகத்திலும் நம் ஜனத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சங்கத்தார் முடிவு செய்தது உனக்கும் அங்கே பேப்பரில் தெரிந்திருக்கும். நம் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆண் வர வேண்டும் என்று கட்டுப்பாடு. நம் வீட்டுக்கு நான்தான் பேர் கொடுத்திருந்தேன். மறியல் தொடங்குகிற அதே நாள் காலையில் வகுப்புக்கு மேலதிகாரி வந்து பரீட்சை வைப்பார், எல்லோரும் பேர் எழுதிக் காட்ட வேண்டும் என்று பேகம் டீச்சர் சொல்லியிருந்தது. என் பேரை எழுத நான் ஒன்றரை மாதம் பாடுபட்டிருந்தேன். இருசப்பனைக் கூப்பிட்டு, இன்றைக்கு ஒரு நாள் எனக்குப் பதிலாக நீ போய் வா என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே, "போப்பா, போய் கலெக்டர் ஆயிட்டு வா" என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். ரோட்டை எல்லாம் மறித்துவிட்டால் அதிகாரி எந்த வழியாக வருவார் என்று எனக்கும் தோன்றவில்லை, பேகம் டீச்சருக்கும் தோன்றவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு சிலேட்டோடு உட்கார்ந்திருந்தேன். பத்து மணி வரைக்கும் என் பேரை எழுதி எழுதி அழித்தேன். அதிகாரி வரவில்லை. வண்டிக்காரன் பாவாடைதான் ஓடிவந்தான்.

கள்ளக்குறிச்சி ரோட்டில் மதகுப் பாலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வளையம் அடித்து நம்பர் போட்ட புளியமரம் இருக்குமே, நீ பள்ளிக்கூடம் போகும்போது கல்லெறிந்த மரம், அதை வெட்டிச் சாய்த்து ரோட்டுக்குக் குறுக்கே இழுத்திருக்கிறார்கள். மரம் ஒரு புரட்டு புரண்டிருக்கிறது. கயிற்றைப் பிடித்திருந்த அவன் கை மரத்துக்கும் பாலத்துச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. யாரும் தள்ளவில்லை, யாரும் அடிக்கவில்லை, மரம் புரண்டது, அவ்வளவுதான். பாவாடை வண்டியில் அவனைப் படுக்க வைத்துக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். முதலில் நம் ஊர் மரம். மாட்டை அவிழ்த்து, வண்டியை ஆட்கள் தூக்கித் தாண்ட வைத்தார்கள். அடுத்த ஊர் மரத்தையும் அப்படியே தாண்டினோம். மூன்றாவது இடத்தில் இரண்டு மரம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது, ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் சேற்று வயல். அங்கே நின்றவர்களும் நம் ஜனம்தான், என் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு அவர்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு பக்கம் கொம்பைப் பிடித்து இழுத்தார்கள், மரம் அசையவில்லை. ஒரு பெரியவர், "எங்க புள்ளைங்களுக்குன்னு தானய்யா இத்த வெட்டனோம்" என்று அழுதார். வண்டியைத் திருப்பினோம். பக்கத்து ஊரில் எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பட்டை வைத்து உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் பூசிக் கட்டினார். வழி திறந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது எட்டாம் நாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நொறுங்கிக் கோணலாகவே கூட ஆரம்பித்துவிட்டது, இனிமேல் பிரித்தால் கை முழுவதும் கெட்டாலும் கெடும் என்றார். உன் அம்மா வீட்டுக்கு வந்து என் சிலேட்டை எடுத்து எருக்குழியில் எறிந்தாள். "உன் அஞ்செழுத்துக்கு எம்புள்ள மூணு வெரல மொய் வச்சிட்டு வந்து கீறான், போதுமா" என்றாள். இன்றைக்கும் நான் பேனாவை எடுத்தால் அவள் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இன்று பன்னிரண்டாம் தேதி. ஒரு நாளைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் கை ஓடவில்லை, அதனால் விட்டு விட்டு எழுதுகிறேன்.

கட்டு பிரித்த பிறகு அவன் ஆர்மோனியப் பெட்டி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டான். மலையில் விரல் நீவுகிற எண்ணெய் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லித்தான் நான் வெள்ளிமலைக்குப் போக ஆரம்பித்தது, போன மாதம் வரைக்கும் நாலு தடவை போய் வந்தேன், சீசா சீசாவாக நீவினேன், வீடு முழுக்க எண்ணெய் வாசனை வந்தது, விரல் வரவில்லை. அதற்கு நடுவிலேயே கார்த்திகை தீபம் கழித்து ஒரு நாள் காலையில் மாட்டுக் கொட்டாயில் பெட்டிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். துருத்தியின் கொக்கியை இந்தப் பக்கம் மாற்றி, மடங்காத வலது கையின் உள்ளங்கையால் துருத்தியைத் தள்ளுகிறான், இடது கை கட்டையில் இருக்கிறது. உனக்குத் தெரியுமே, ராஜா வேஷம் திரையை விட்டு வெளியே வந்து சுற்றும்போது அவன் கை எப்படிப் பறக்கும், விரல் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை அன்றைக்கு ச, ரி, க, ம என்று நாலு கட்டையை, நடுவில் ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் விட்டு விட்டு அமுக்கிக்கொண்டிருந்தான். முன்பு பெருவிரல் தொடங்கின இடத்தில் இப்போது சுண்டுவிரல் தொடங்க வேண்டுமாம், எல்லாம் தலைகீழ். மண்டைக்குப் பாட்டு தெரியும், வலது கைக்கும் தெரியும், இந்தக் கைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்று சொன்னான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. எருக்குழியில் கிடந்த சிலேட்டை எடுத்துக் கழுவி நானும் கொட்டாயில் அவனுக்கு எதிரே சாக்கு விரித்து உட்கார்ந்தேன். மாடு நடுவில். அது இரண்டு பேரையும் பார்த்து அசை போடும்.

அவன் பழகுகிற விதத்தைச் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் நான் செய்தது உனக்குத் தெரியும். பெட்டியின் மேல் பலகையில் இடது ஓரத்தில் பத்துப் புளியங்கொட்டையை வரிசையாக வைப்பான். ஒரு பாட்டை முழுதாக எடுக்க மாட்டான், ஒரு கவளம் அளவுக்கு ஒரு துண்டை எடுப்பான். தப்பே வர முடியாத அளவுக்கு மெதுவாக வாசிப்பான். தப்பில்லாமல் வந்தால் ஒரு கொட்டையை வலது ஓரத்துக்குத் தள்ளுவான். பத்தும் வலது ஓரம் போனால்தான் அதை இன்னும் கொஞ்சம் ஓட்டமாக வாசிப்பான், அல்லது அடுத்த துண்டுக்குப் போவான். நடுவில் ஒரு சின்னத் தப்பு வந்தாலும், ஒன்பது போயிருந்தாலும், பத்துக் கொட்டையும் பழைய ஓரத்துக்கே திரும்பிவிடும். நான் ஒரு தடவை, இவ்வளவு மெதுவாக வாசித்தால் சித்திரைக்கு எப்படிப் போய்ச் சேருவாய், கொஞ்சம் வேகமாகத்தான் தட்டிப் பாரேன் என்று கேட்டுவிட்டேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. "வேகமா தட்டனா தப்பும் வேகமா படிஞ்சிடும்ப்பா. அப்புறம் அத்த கழட்டறதுக்கு ரெண்டு பங்கு நாளாவும். கைக்கு நல்லது கெட்டது தெரியாது, இன்னா குடுக்கறியோ அத்தத்தான் அது வச்சிக்கும்" என்றான். தினமும் காலையில் மூன்று மணி நேரம். சில நாள் மூன்று மணி நேரத்துக்கும் ஒரே துண்டுதான். ஏழாவது கொட்டை போகும், தப்பு வரும், எல்லாம் திரும்பும். ஒன்பதாவது போகும், திரும்பும். அவன் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டான், கொட்டையை மட்டும் திருப்பி அடுக்குவான். நான்தான் சிலேட்டை விட்டுவிட்டுக் கொட்டையையே எண்ணிக்கொண்டிருப்பேன். எனக்கு அதில் ஒரு கட்டையும் தெரியாது, அவன் கையைப் பிடித்து எழுதிக் கொடுக்க நான் டீச்சரும் இல்லை, என் விரலைக் கழற்றி அவனுக்கு மாட்டவும் முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை.

தை மாதம் ஒரு நாள் ஒரு துண்டில் அவன் காலையிலிருந்து மாட்டிக்கொண்டான். ஆறு போகும், எட்டு போகும், திரும்பும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏழு கொட்டை வலது ஓரத்தில் இருந்தபோது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். நான் சாக்கிலிருந்து எழுந்து போய் ஒரு கொட்டையைத் தள்ளினேன். ஒன்றுதான். வந்து உட்கார்ந்தான், எண்ணிப் பார்த்தான், எட்டு என்று நினைத்துக்கொண்டான், மிச்சம் இரண்டும் தப்பில்லாமல் போயிற்று. "ஆச்சுப்பா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். புரட்டாசிக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் அம்சவள்ளி. அந்தச் சிரிப்புக்கு நான் பழகிவிட்டேன். மறுநாள் இரண்டு தள்ளினேன். அப்புறம் அவன் எப்போது தண்ணீருக்குப் போவான் என்று காத்திருக்க ஆரம்பித்தேன், சொம்பை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். அவன் தெருப்பக்கம் போய் யாரிடமாவது பேசிவிட்டு வந்தால் மூன்று. "இப்பல்லாம் சீக்கிரமா முடியுது, கை புடிச்சிக்கினு வருதுப்பா" என்று உன் அம்மாவிடமும் சொன்னான், அவளும் சந்தோஷப்பட்டு அன்றைக்கு எனக்கும் சேர்த்து வடை சுட்டாள். நான் அந்த வடையைத் தின்றேன். கடைசியில் என் பிள்ளைக்கு என்னால் ஒரு ஒத்தாசை ஆயிற்று என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன் என்றால் நீ நம்புவாயா. அப்படித்தான் நினைத்தேன். இருபது நாள் செய்தேன்.

கூத்து செட்டு வாத்தியார் பொன்னுரங்கம் பொங்கலுக்கு வந்தபோதே, மாசி பிறந்து வருகிறேன், இடது கையைக் கேட்டுப் பார்க்கிறேன், ஒத்து வந்தால் களமருதூருக்கு இருசப்பன்தான் என்று சொல்லியிருந்தார். மாசி மூன்றாம் தேதி வந்தார். கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டு அவரே பாடினார். மெதுவாகப் பாடும்போது இருசப்பன் வாசித்தது, நான் என் காதால் கேட்டேன், ஒரு பிசிறு இல்லை, உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாத்தியார் தலையை ஆட்டினார். பிறகு ராஜா வேஷம் சுற்றுகிற இடம் என்று தாளத்தை இரட்டிப்பாக்கினார். கை தடுமாறியது. மறுபடியும் பாடினார், அதே இடத்தில் தடுமாறியது. மூன்றாம் தடவையும் அதே இடங்கள். வேறு எங்கேயும் இல்லை. எனக்கு ராகம் தெரியாது, ஆனால் எதிரே உட்கார்ந்து தினமும் கேட்டவன், எந்தத் துண்டு எது என்று எனக்குத் தெரியும். நான் கொட்டை தள்ளின துண்டுகள். பொன்னுரங்கம் கெட்டவர் இல்லை, சிரிப்பாகத்தான் சொன்னார், "ராசா வெளிய வந்து சுத்திட்டு கிரீடத்த கழட்டப் போறாரு, உன் பொட்டி இன்னும் திரைக்குள்ளயே கீது இருசா." அப்புறம் அவன் தோளைத் தொட்டு, "தப்பா நெனைக்காத. ஆடற காலு நிக்காது, நாமதான் காலு பின்னால ஓடணும். பங்குனி உத்திரம் வரைக்கும் பாக்கறேன், அதுக்கப்புறம் களமருதூர் தாம்பூலம் வாங்கி ஆட்டத்த ஒத்துக்கினு ஆவணும், நான் தியாகதுருகத்து பொட்டிக்காரனுக்குச் சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு இருசப்பன் வெகுநேரம் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ திருடிவிட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பது போல. "எண்ணி எண்ணித்தானப்பா தள்ளனேன். பத்தும் சுத்தமா போச்சே. இதுக்கு மேல எப்டி பழகறது" என்று என்னைக் கேட்டான். என்னைத்தான் கேட்டான் அம்சவள்ளி. நான் வாயைத் திறந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெட்டி மேல் துண்டு கிடந்தது. பத்துக் கொட்டையும் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் சாணியில் கிடந்தது.

ஐந்து நாள் பொறுத்து எட்டாம் தேதி காலையில் ஒரு செய்தி சொன்னான். பிலாய்க்கு அக்காவுக்கு எழுதப் போகிறேன், மாமாவிடம் சொல்லி வாட்ச்மேன் வேலையோ எதுவோ ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லப் போகிறேன், கேட்டை மூடித் திறக்க மூன்று விரல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றான். அன்றைக்கே நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அவன் எட்டாவது வரை படித்தவன், அவன் கடிதம் அரை மணி நேரத்தில் எழுதி முடிந்துவிடும், என் கடிதத்துக்கு முன்னால் உன் கைக்கு வந்தாலும் வந்திருக்கும். வந்திருந்தால், தாயே, உடனே வா என்று எழுதிவிடாதே, வராதே என்றும் எழுதாதே. மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் ஒரு வரி போடு, பங்குனி உத்திரம் வரைக்கும் எனக்கு நாள் கொடு. அவன் பழகின விதம் தப்பில்லை, அவன் கையும் பொய் சொல்லவில்லை, பொய் சொன்னது கொட்டை. அந்தச் சில துண்டுகளை மறுபடி பழைய ஓரத்திலிருந்து அடுக்கினால் போதும். இதை உலகத்தில் அவனுக்குச் சொல்லக் கூடியவன் நான் ஒருவன், என்னால் சொல்ல முடியவில்லை. கன்று கட்டப் போகும்போது சொல்லலாம் என்று போகிறேன், கன்றைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறேன். நேற்று சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது இருசா என்று கூப்பிட்டுவிட்டேன். இன்னாப்பா என்றான். குழம்பில் உப்பு கம்மி என்றேன். உன் அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் விரல் போனதும் என்னால், மிச்சம் இருந்த கையைக் கெடுத்ததும் என்னால் என்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து எந்தத் தகப்பன் சொல்வான். சொல்கிற தகப்பன் இருக்கலாம், நான் அவன் இல்லை.

ஒரு விஷயம் உனக்குச் சொல்கிறேன். போன வாரம் பேகம் டீச்சர் ழகரம் ஐம்பது தடவை எழுதி வரச் சொன்னது. நான் அலுத்துப்போய் இருபதோடு நிறுத்திவிட்டு, ஐம்பதும் எழுதினேன், சிலேட்டில் எழுதி அழித்துவிட்டேன் என்று சொன்னேன். "அப்டியா, இப்ப ஒண்ணு எழுதுங்க பாக்கலாம்" என்றது. எழுதினேன். பார்த்துவிட்டு, "மிச்சம் முப்பது எங்க பெரியவரே, வூட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் வீட்டுக்கு வருகிற வழி முழுவதும் சிரிக்கவில்லை.

இன்று பத்தொன்பதாம் தேதி, இந்தத் தாளோடு முடிக்கிறேன், நோட்டில் தாள் தீர்ந்துபோகிறது. இருசப்பன் இந்த நேரம் கொல்லையில் மரவள்ளிக் குச்சி வெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறான், இடது கையால் வெட்டுகிறான். மாப்பிள்ளை வெயில் காலத்தில் இரும்பு உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர், மோர் நிறையக் கொடு. ரம்யாவுக்கு இதோடு பொட்டலம் கட்டி அனுப்புகிற நெல்லி வற்றலைக் கொடு, அதோடு அவள் எழுதின அ ஆ ஒரு தாளில் வைத்து அனுப்பு, யாருடையது நேராக இருக்கிறது என்று டீச்சரிடம் காட்டப் போகிறேன். சித்திரைக்குக் கட்டாயம் வா, கூத்து இருந்தாலும் வா, இல்லாவிட்டாலும் வா. வந்து இறங்கியதும் அவன் வலது கையை முதலில் பார்க்காதே, அழாதே, எப்போதும் போல அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டு. இந்தக் கடிதம் பற்றி அவனுக்கும் அம்மாவுக்கும் எழுதாதே. நீங்கள் மூவரும் ஆல் போல் தழைத்து, ஒரு குறையும் காணாமல், நூறு வயது இருக்க வேண்டும்.

இத்தனை பக்கம் உனக்கு எழுதியது, உண்மையைச் சொன்னால், என் கையைப் பழக்கத்தான். நான் கொட்டை தள்ளினேன் என்ற வரியை முதலில் எழுதும்போது மூன்று தடவை அடித்தேன், நீ அந்த இடத்தில் மை அப்பியிருப்பதைப் பார்த்திருப்பாய். இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டம் இல்லை. வாயால் வராதது கையால் வரும் போலிருக்கிறது, மெதுவாக எழுதினால். அதனால் அடுத்த வாரமும் ஒரு கடிதம் எழுதுவேன், ஆனால் அது பிலாய்க்கு வராது. பத்தடி தூரத்தில் இருக்கிற கொட்டாய்க்குப் போகும். ஆர்மோனியப் பெட்டி மேல் இருக்கிற துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பேன், பறக்காமல் இருக்க மேலே பத்துப் புளியங்கொட்டை வைப்பேன், பத்தும் இடது ஓரத்தில். உன் அம்மா புளியில் கொட்டை எடுக்கிற முறத்திலிருந்து இப்போதே எடுத்து மடியில் முடிந்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா
ஆ. ஆதிமூலம்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)